காதில் சொன்னது

குழந்தைகளுக்கு என்னைப் பிடிக்கும். பத்தொன்பது வருடம் ஸ்கேன் அறையில் உழைத்ததில் நான் சம்பாதித்த பெயர் அது ஒன்றுதான். மூளையைப் படம் எடுக்கும்போது தலை மயிரிழை அசைந்தாலும் படம் கலங்கிவிடும். அழுது புரளும் பிள்ளையை அந்தக் குழாய்க்குள் அரை மணி நேரம் அசையாமல் படுக்க வைக்க என்னைத்தான் தேடுவார்கள்.

பிறகு அந்த மென்பொருள் வந்தது. முன்பெல்லாம் படம் கெட்டது எல்லாம் முடிந்த பிறகுதான் தெரியும். இது தலை அசைய அசையத் திரையில் கோடு போட்டுக் காட்டும். பச்சை என்றால் சரி. சிவந்தால் அங்கேயே நிறுத்தி மறுபடி எடுக்கலாம். அதைப் பார்த்துக்கொள்ள ஒரு இளம்பெண்ணைச் சேர்த்தார்கள். எல்லாரும் சின்ன மேடம் என்றார்கள். கெட்டிக்காரி, அதில் சந்தேகமில்லை. "அப்படியே இரு தங்கம், இன்னும் ரெண்டே நிமிஷம்" என்று மைக்கில் சொல்வாள். பிள்ளைகளும் இருந்தார்கள்.

பெரிய டாக்டர் எல்லார் முன்னாலும் என்னிடம், "இனிமே நீங்க படுக்க வெச்சுட்டு வந்தா போதும். மிச்சத்த அது பாத்துக்கும்" என்றார். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன்.

படுக்க வைத்தேன். அம்மாவை வெளியே அனுப்பிவிட்டு, இரைச்சல் தெரியாமலிருக்கக் காதில் பஞ்சு அடைக்க வேண்டும். அதற்கு முன் குனிந்து மெதுவாகச் சொல்வேன்: "நீ உள்ள போனதும் அம்மா வீட்டுக்குப் போயிடுவாங்க. திரும்பி வர மாட்டாங்க." அவ்வளவுதான். அடித்தேனா, கிள்ளினேனா?

கோடு சிவந்துகொண்டே இருக்கும். சின்ன மேடம் மைக்கில் கெஞ்சிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிடுவாள். நான் போய், "அம்மா வெளியவே நிக்கிறாங்க கண்ணு" என்பேன். பிள்ளை கல்லாகக் கிடக்கும். இப்படிப் பதினோரு பிள்ளைகள். "என்ன மெஷின் வந்தாலும் நம்ம ஆளு போனாதான் காரியம் ஆகுது" என்றார் அதே டாக்டர்.

அடுத்து வந்தவள் ஆறு வயதுச் சிறுமி. தலைவலி. அவள் மட்டும் என் சமாதானத்துக்கு மசியவில்லை. வெளியே எடுத்ததும் அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டவள் விடவேயில்லை.

"ரொம்ப பயந்திருக்கா சார். இன்னொரு நாள் வரச் சொல்லலாமே" என்றாள் சின்ன மேடம், பெரிய டாக்டரிடம்.

நான்தான் திரையைக் காட்டினேன். "முழுக்கச் சிவப்பு. நாளைக்கு மட்டும் சும்மா இருப்பாளா? மயக்கம் குடுத்தே எடுத்துடலாம் டாக்டர்."

அனுபவசாலியின் பேச்சு. ஒத்துக்கொண்டார்.

படம் முடியும் தறுவாயில் மூச்சு நின்றது. நாற்பது நிமிடம் போராடினார்கள். படத்தில் பார்த்தால், அந்தத் தலைக்குள் ஒரு கோளாறும் இல்லை.

பழி சின்ன மேடத்தின் மேல் விழுந்து அவள் வேலை போனது. போகுமுன் அவள் மென்பொருளில் பதிவாகியிருந்த பழைய கோடுகளையெல்லாம் எடுத்து, விசாரிக்கிற உங்களிடம் கொடுத்திருக்கிறாள். நான் விடுப்பில் இருந்த நாட்களில் ஒரு பிள்ளைகூட அப்படி ஆடவில்லை என்கிறீர்கள். சரிதான். செய்தது நான்தான். மறைக்க எனக்கு ஒன்றுமில்லை.

ஒன்றை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். அன்று அந்தத் தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கண்ணாடி வழியா பாத்தேன் சார், அவ காதுல என்னமோ சொன்னீங்களே, என்ன சொன்னீங்க?" என்று கேட்டாள்.

"அம்மா இங்கயேதான் இருப்பாங்கன்னு சொன்னேன்மா" என்றேன். அவள் மனசு கொஞ்சம் ஆறட்டுமே என்றுதான். இந்த விவகாரத்தில் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான்.