மாடியில் காயும் நாவல்

நடுநாற்காலியை நிறைத்திருக்கும் தலைவர் அவர்களே, நூலகப் படிப்பு வட்டத்தை நடத்தும் பல் மருத்துவர் அவர்களே, பெரியோர்களே, பிள்ளைகளை இடுப்பில் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே, கதவோரம் நின்றே கேட்கும் நர்ஸம்மா அவர்களே, எல்லோரையும் வணங்கித் தொடங்குகிறேன்.

புத்தகம் பிரிவினையைப் போக்கும் என்று பேச அழைத்தார்கள். போக்குமா? எனக்குச் சந்தேகம். கை தட்டாதீர்கள், சந்தேகத்துக்குக் கை தட்டும் கூட்டத்தின் மேலும் எனக்குச் சந்தேகம் உண்டு.

இந்த நூலகத்தில் ஒரு வழக்கம். கால்வாய்க்கு அந்தப் பக்கத்து வீடுகளுக்குப் போய்வந்த புத்தகத்தை மொட்டைமாடியில் காயப்போடுகிறார்கள். ஏன் என்று நூலகரைக் கேட்டேன்.

"பூச்சி வந்துடும் சார்."

"இந்தப் பக்கத்து வீட்டுல பூச்சி இல்லையா?"

"அது நம்ம பூச்சி சார்."

போன மாதம் வட்டம் ஒரு நாவலைத் தேர்ந்தெடுத்தது. தோலின் நிறம் பார்த்து மனிதரை ஒதுக்கிய தூர தேசத்துக் கதை. இருந்தது ஒரே பிரதி. அதைக் கால்வாய்க்கு அப்பாலிருக்கும் நர்ஸம்மா படித்துத் திருப்பியிருந்தார். மாடிக்குப் போனது. வாரம் முழுக்க மேகமூட்டம், நாவல் காயவில்லை. காயாததால் யாரும் தொடவில்லை. தொடாமலே கூட்டம் நடந்தது!

கேள்விப்பட்ட கதைக்கே மருத்துவர் கண் கலங்கினார்: "என்ன கொடுமைய்யா! மனுசன மனுசன் தொடக் கூடாதாமே!"

நர்ஸம்மா வாசலில் நின்று கேட்டார்: "நானும் உக்காந்து பேசலாமா டாக்டர்?"

"உங்களுக்கு எதுக்கும்மா சிரமம்? வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுங்க."

பின்வரிசையில் என்ன? 'அவர் நல்லவர்' என்கிறீர்களா? நல்லவர்தான் ஐயா. இவ்வளவு மரியாதையாக ஒருவரை வாசலில் நிறுத்த நல்லவரால்தானே முடியும்?

தலைவருக்கு ஊசி போட்டது யார் கை? தாய்மார்களே, உங்கள் பிள்ளை பிறந்ததும் ஏந்தியது யார் கை? அந்தக் கை ஏந்திய பிள்ளையை மாடியில் காயப்போட்டீர்களா?

புத்தகம் அழவைக்கும், அழுதது போதும் என்று வீட்டுக்கும் அனுப்பிவைக்கும். அதற்கு மேல் அது ஏதாவது செய்ய வேண்டுமென்றால், கை மாற வேண்டும்.

இன்னும் யாரும் தொடாமல் கிடந்த அந்த நாவலை இன்று நானே மாடியிலிருந்து எடுத்து நர்ஸம்மாவிடம் கொடுத்திருக்கிறேன். வட்டத்தில் அவருக்கு ஒரு நாற்காலி உண்டா என்பது இப்போது தெரிந்துவிடும். வாருங்கள் அம்மா. ஓரமாக அல்ல, நடுவில்.

"டாக்டர், வாங்கிக்கோங்க" என்கிறார். கேட்டதா?

மருத்துவரே, கைக்குட்டை எதற்கு? வெறுங்கை போதும்.

அவர் வாங்கியதும் நன்றி சொல்வேன். அதுவரை, அவையோரே, வணக்கம் மட்டும்.