திங்கட்கிழமைக்குள் அமைதி

ரெஃபிக்: போஸ்னியா முழுக்கத் தேடிப் பாரு. மன அழுத்தம்னா என்னன்னே தெரியாத ஒரே ஆம்பளை நான்தான். இதைப் பெருமைக்குச் சொல்லல. தகவலுக்குச் சொல்றேன்.

ஸும்ரா: அந்தத் தகவலைக் கத்தாம சொல்லு. கீழ் வீட்டுக்காரங்க அரண்டுடப் போறாங்க.

ரெஃபிக்: நான் எங்க கத்தினேன்!

ஸும்ரா: சரி, கத்தல. உக்காரு. காப்பி போடவா?

ரெஃபிக்: போடு... இல்ல, இரு. முதல்ல இந்தக் காகிதத்தைப் பாரு, அக்கா. பஸ் கம்பெனி டாக்டரம்மா குடுத்தது. "ரெஃபிக், வயது ஐம்பத்திநான்கு, வியன்னா தடம் ஓட்டுநர்." நான்தான். கீழ ஒரு கோடு போகுது பாரு.

ஸும்ரா: கண்ணாடி உள்ள இருக்கு. நீயே படி.

ரெஃபிக்: கார்ட்டிசோல்னு ஒரு சுரப்பு. பயந்தா, பதறினா உடம்பு தானா ஊத்திவிடுமாம். அதுவே தினமும் காலையில ஏறி நம்மள எழுப்பி விடணும், பொழுது சாயச் சாய இறங்கணும், படுக்குறப்ப தரைக்கு வந்துடணும். அதுதான் சமநிலை. எனக்கு என்னன்னா, காலையில மேல ஏறின ஆளு ராத்திரி பதினொரு மணிக்கும் மொட்டை மாடியிலயே நிக்கிறான். இறங்க மாட்டேங்கிறான்.

ஸும்ரா: இறங்கலைன்னா?

ரெஃபிக்: தூக்கம் போகும். நெஞ்சு படபடக்கும். ரத்தக் கொதிப்பு. முடி கொட்டும்.

ஸும்ரா: முடி கூடவா கொட்டும்?

ரெஃபிக்: உனக்கென்ன அவ்வளவு அக்கறை? டாக்டரம்மா சொல்றா, "உங்க உடம்புக்குள்ள ஒரு அபாயச் சங்கு ஊதிக்கிட்டே இருக்கு, ரெஃபிக். நிறுத்த வேண்டியவங்க நிறுத்த மறந்துட்டாங்க"ன்னு. என்னைப் பாத்து! திங்கட்கிழமை மறுபடி எச்சில் குடுக்கணும். அதுலயும் இப்படியே வந்தா, சாவியை மேசையில வச்சிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

ஸும்ரா: மூணு மாசம் லீவு குடுக்க மாட்டாங்களா?

ரெஃபிக்: குடுப்பாங்க. மூணு மாசத்துல என் சீட்ல ஒரு இருபத்தஞ்சு வயசுக்காரன் உக்காந்திருப்பான். இருபத்தஞ்சு வயசுல இந்த ஊர்ல இன்னும் மிச்சம் இருக்குறவன் அவன் ஒருத்தன்தான். மத்தவங்களையெல்லாம் நானே வியன்னாவுல இறக்கி விட்டுட்டேன்.

ஸும்ரா: அடப்பாவமே.

ரெஃபிக்: அடப்பாவமா? அக்கா... எச்சில் எடுக்க டாக்டரம்மா குடுத்த அந்தப் பஞ்சை மென்னது யாரு? நாலு பஞ்சு, நாலு குழாய். எழுந்ததும் ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு, படுக்குறப்ப ஒண்ணு. யாரு வாயில இருந்துச்சு?

ஸும்ரா: என் வாயிலதான். நீதான கொண்டாந்து திணிச்ச! "ஒவ்வொண்ணுக்கும் முன்னாடி ஒரு மணி நேரம் காப்பி கூடாதாம், என்னால ஆகாது, நீ மென்னு குடு"ன்னு. மன அழுத்தமே தெரியாத ஆம்பளை!

ரெஃபிக்: காப்பி வேற விஷயம்... இந்தத் தூஸ்லா ஊர்லயே சாந்தமான பொம்பளைன்னு நம்பித்தான குடுத்தேன். பால்கனிப் பூந்தொட்டிக்குத் தண்ணி ஊத்துற, துருக்கி சீரியல் பாக்குற, தூங்குற. உனக்கு எங்கேருந்து வந்துச்சு இவ்வளவு?

ஸும்ரா: வைத்தியம் என்ன சொன்னாங்க?

ரெஃபிக்: முழு உடம்பு, முழு மனசுன்னு ஒரு பட்டியல். ராத்திரி லிண்டன் பூ கஷாயம். ஏரிக்கரையில நடை. பண்பாட்டு மன்றத்துல மூச்சுப் பயிற்சி. எட்டிப் பாத்தேன். பதினஞ்சு பொம்பளைங்க பாயில படுத்து மூச்சு விடுறாங்க. அதுக்கு ஒருத்தி முன்னாடி நின்னு கத்துக் குடுக்குறா. அப்புறம் டாக்டரம்மா குரலைத் தாழ்த்திக்கிட்டு, "உள்ள இருக்குறதை யாருகிட்டயாவது சொல்லுங்க"ங்கிறா. பஞ்சைப் பாத்துட்டு!

ஸும்ரா: பயம் எடுக்குற பெஹிஜாகிட்ட போய் ஈயம் ஊத்திக்கலாமே.

ரெஃபிக்: வந்துட்டா! ஈயம்! தலையில துணியைப் போட்டு, ஈயத்தை உருக்கித் தண்ணியில ஊத்தி, உறைஞ்ச உருவத்தைப் பாத்து, "நாயைக் கண்டு பயந்திருக்கே"ன்னு சொல்லுவா. இந்த ஊர்ல யாரு நாயைக் கண்டு பயந்தா? சண்டை நடந்த அந்த வருஷம் நாய்தான் நம்மளக் கண்டு பயந்துச்சு. அவ வாசப்படியை நான் மிதிச்சதே இல்ல. இது அறிவியல் காலம்.

ஸும்ரா: எச்சிலைக் குழாயில போட்டு அனுப்புற காலம்.

ரெஃபிக்: பேச்சை மாத்தாத. இன்னைக்குச் சனிக்கிழமை. திங்கட்கிழமைக்குள்ள நீ அமைதியாகணும்.

ஸும்ரா: சரி. ஆயிடுறேன்.

ரெஃபிக்: விளையாடாத! காப்பியை நிறுத்து. கோப்பையைக் கீழ வை. மூச்சை இழு... நாலு எண்ணு... விடு. விடுன்னு சொல்றேன்ல!

ஸும்ரா: நீ இப்படி மிரட்டினா மூச்சு உள்ளயே நின்னுடும்டா.

ரெஃபிக்: கோப்பையை ஏன் கைக்குக் கை மாத்துற?

ஸும்ரா: கோப்பை சுடுது.

ரெஃபிக்: இன்னும் ஊத்தவே இல்ல. அக்கா. என்ன நடந்துச்சு?

ஸும்ரா: ஒரு போன் வந்துச்சு. மூணு வாரம் ஆச்சு.

ரெஃபிக்: யாருகிட்டேருந்து?

ஸும்ரா: சண்டையில காணாமப் போனவங்க எலும்பை அடையாளம் பாக்குற ஆபீஸ். நல்ல மரியாதையான பொண்ணு. "உக்காந்திருக்கீங்களா?"ன்னுதான் முதல்ல கேட்டா. கிடைச்ச எலும்பு, என் மாமியார் சாகறதுக்கு முன்னாடி குடுத்துட்டுப் போன ரத்தத்தோட ஒத்துப்போச்சாம்.

ரெஃபிக்: மென்சூர் மச்சான்...

ஸும்ரா: ம்.

ரெஃபிக்: முழுசாவா?

ஸும்ரா: ஒரு தொடை எலும்பு. இடது கையில கொஞ்சம். "இப்பவே அடக்கம் பண்றீங்களா, இல்ல மிச்சம் கிடைக்கட்டும்னு காத்திருக்கீங்களா?"ன்னு கேட்டா. யோசிச்சுச் சொல்றேன்னு வச்சிட்டேன். சீரியலைப் போட்டுக்கிட்டு யோசிக்கிறேன்.

ரெஃபிக்: மூணு வாரமாவா?

ஸும்ரா: சண்டை முடிஞ்சதுலேருந்து இருபத்தொம்போது வருஷம் முழு ஆளு நடந்து வருவாருன்னு உக்காந்திருந்தேன். இப்ப மிச்சக் காலுக்காகக் காத்திருக்கவான்னு கேக்குறாங்க. அவசரப்பட்டுப் பதில் சொல்ல முடியுமா?

ரெஃபிக்: என்கிட்ட ஏன் சொல்லல?

ஸும்ரா: சொல்லி? ஆம்பளைங்க எல்லாம் உயிர் தப்பக் காட்டு வழியா ஓடினப்ப, நீதான் அந்தக் காட்டுல அவரைப் பாக்கவே இல்லைன்னியே. வேற கூட்டத்தோட வந்தேன்னியே.

ரெஃபிக்: ...ஆமா. பாக்கல.

ஸும்ரா: எங்கடா எந்திரிச்ச? கோவமா? திங்கட்கிழமை நல்லபடியா மென்னு தர்றேன்டா. கஷாயம் குடிக்கிறேன், பாயில படுக்கிறேன், நீ சொல்றதெல்லாம் பண்றேன். உன் பஸ் எங்கயும் போகாது...

ரெஃபிக்: பஞ்சை நானே மென்னுக்குறேன். பழைய இரும்புக் கரண்டி எங்க?

ஸும்ரா: ரெண்டாவது இழுப்பறையில. எதுக்கு?

ரெஃபிக்: ஜன்னலைத் திற. ஒண்ணு போதும். ரெண்டையும் திறந்தா குறுக்குக் காத்துல கழுத்துப் பிடிச்சுக்கும்.

ஸும்ரா: பையிலேருந்து என்ன எடுக்குற... அது உன் தூண்டில் குண்டுடா!

ரெஃபிக்: ஈயம்தான? சட்டியில தண்ணி புடி. பச்சைத் தண்ணி.

ஸும்ரா: அறிவியல் காலம்னு யாரோ சொன்னாங்க...

ரெஃபிக்: வாயை மூடிக்கிட்டு நாற்காலியை இங்க போடு. கதவைப் பாத்து உக்காரு. மேசைத் துணியைத் தலையோட போத்திக்கோ. அசையாத. உருகுது.

ஸும்ரா: ஒண்ணும் தெரியல.

ரெஃபிக்: தெரியக் கூடாது. முதல்ல தலைக்கு மேல...

ஸும்ரா: அம்மாடி! என்ன சத்தம்டா அது!

ரெஃபிக்: அப்படித்தான் சீறும். பயப்படாத. அடுத்தது நெஞ்சுக்கு நேரா... இப்ப பாதத்துக்கிட்ட... முடிஞ்சுது. கையை நீட்டு. இந்தத் தண்ணியைத் துணிக்குள்ளயே முகத்துல மூணு தடவை தடவிக்கோ. துடைக்காத. தானா காயணும்.

ஸும்ரா: என்ன உருவம் வந்திருக்கு?

ரெஃபிக்: ஒண்ணுமில்ல.

ஸும்ரா: நாயா?

ரெஃபிக்: ஒண்ணுமில்லன்னு சொல்றேன்ல.

ஸும்ரா: ரெஃபிக்... தலை, நெஞ்சு, பாதம்னு வரிசை தப்பாம பண்ற. துடைக்கக் கூடாதுன்னு கூடத் தெரிஞ்சு வச்சிருக்க. பெஹிஜா வாசப்படியை மிதிச்சதே இல்லைன்ன.

ரெஃபிக்: வருஷா வருஷம் மிதிக்கிறேன். அந்தக் காட்டைக் கடந்த அதே ஜூலை மாசம்.

ஸும்ரா: எப்பலேருந்து?

ரெஃபிக்: துணியை எடுக்காத, அக்கா. அப்படியே இரு... அந்த மலைச் சரிவுல மச்சான் என் கையைத்தான் புடிச்சிருந்தாரு. விட்டது அவரில்ல.