பரிபூரணம் வீட்டு நிலையில சுண்ணாம்புக் கோடு

நம்ம கொம்பன்விளையில கோயிலுக்கு ஓலக் கூரை கெடந்த காலத்துல, பரிபூரணம்னு ஒரு பொம்பள இருந்தாளாம். எந்த வருசம்னு கேக்காதிய. எனக்கும் தெரியாது, எங்க அய்யாவுக்கும் தெரியாது. சுத்தி செம்மண் தேரி, மேடு மேடா மணலு, தேரியில பனை, அத விட்டா ஒண்ணுமில்ல. அவ புருசன் மாசிலாமணி பனையேறி. ரொம்ப நல்ல மனுசன்னு சொல்லுதாவ. செத்தவன எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாவ. ஆனா இவன் நெசமாவே நல்லவனாம்.

பதனிக் கலயத்துக்கு உள்ள சுண்ணாம்பு தடவணும்லா? தடவலன்னா விடியுததுக்குள்ள புளிச்சிக் கள்ளாயிரும். இந்தக் காலத்து ஆளுவளுக்கு இதையும் சொல்ல வேண்டியிருக்கு. அவுங்களுக்கு முப்பது கலயம். தெனமும் பொழுது சாய, புருசனும் பொஞ்சாதியும் முத்தத்துல உக்காந்து தடவுவாவளாம். ஒவ்வொரு கலயத்துக்கும் மாசிலாமணி ஒரு ஜெபம் சொல்லுவானாம். பெரிய ஜெபமில்ல. "ஆண்டவரே, இதப் புளிக்க விடாதேயும்." அவ்வளவுதான். முப்பது கலயம், முப்பது தடவ. அவளும் கூடச் சொல்லுவாளாம்.

பங்குனி மாசம், பாளை நல்லா வடியுத நேரம், மாசிலாமணி பனையில இருந்து விழுந்துட்டான். மூணாம் நாளு சீவன் போச்சு. கையில பால்குடிப் பிள்ள ஒண்ணு. மூத்தது பொம்பளப் பிள்ள, அது காய்ச்சலா படுத்துக் கெடக்கு. நாலு நாள் பாளையச் சீவாம விட்டா காஞ்சிரும், அந்த வருசத்துக் கஞ்சியும் கூடப் போயிரும். அதனால அவ கொழுந்தன் தாவீது, "நான் ஏறுதேன் மைனி"ன்னு தன் பனையோட அண்ணன் பனையையும் சேத்து ஏறுனானாம்.

இவ பொழுது சாய முத்தத்துல உக்காருவாளாம். தடவுத பனமட்டையச் சுண்ணாம்புல முக்குவாளாம். ஜெபத்தச் சொல்ல வாயத் தெறப்பாளாம். வராதாம். அடுத்த கலயத்த எடுப்பாளாம். வாயத் தெறப்பாளாம். வராதாம். மனசுல இல்லாதத உதட்டால சொல்லவும் அவளுக்குப் பிடிக்கல. ஆண்டவர் தன்ன விட்டுட்டாருன்னு அவ நெனைக்கல பாத்துக்கோங்க. நாமதான் அவரு கைய விட்டுட்டோமோன்னு பயந்தாளாம். அந்தப் பயம்தான் அவளப் போட்டு அரிச்சிருக்கு.

ஒருநா சாயங்காலம் காய்ச்சக்காரப் பிள்ளைக்கு வலிப்பு வந்துட்டு. இவ கலயத்தக் கழுவிக் கவுத்துனதோட உள்ள ஓடிட்டா. தாவீது வந்தான், கலயத்த எடுத்தான், பனையில ஏறிக் கெட்டிட்டான். சுண்ணாம்பு தடவியாச்சான்னு அவகிட்ட போயி அந்த நேரத்துல கேக்க முடியுமா? மறுநா காலையில எறக்குனா, முப்பதும் நொரச்சிக்கிட்டு நிக்கி. முப்பதும் கள்ளு.

அப்போ நம்ம சபையில ஒரு சட்டம். கள்ளு எறக்குன வீட்டுக்குத் திருவிருந்து அப்பமும் ரசமும் கெடையாது, சபையில பேரும் கெடையாது. புருசன் போயிட்டான். சபையும் போச்சுன்னா அவ எங்க போயி நிப்பா?

அந்நேரம் பாத்து மேக்க இருந்து கள்ளு யாவாரி ஒருத்தன் வந்தானாம். மோப்பம் பிடிச்சி வந்தானோ என்னமோ. "ரெண்டு மரக்கா அரிசி தாரேன் தாயி. ஒருத்தருக்கும் தெரியாது"ன்னானாம். வீட்டுல அன்னைக்குக் கஞ்சிக்கு மட்டும்தான் இருந்துச்சு. அவ பிள்ளையப் பாத்தா, கலயத்தப் பாத்தா. அப்புறம் ஒண்ணொண்ணா எடுத்து மணல்ல கொட்டுனாளாம், முப்பதையும். வித்திருந்தா ஒரு ஆளுக்குத் தெரியாது. கொட்டுனதால ஊரு பூரா கள்ளு வாடை.

ஞாயித்துக்கெழம ஆராதனை முடிஞ்சதும் சபை கூடுச்சு. வேதமுத்து உபதேசியாரு நல்லவருதான், ஆனா சட்டம்னா விசாரிச்சித்தான ஆகணும்? முன்னால அன்னப்பழம் உக்காந்திருக்கா. பக்கத்து வீட்டுக்காரி. அவ புருசன் கள்ளக் குடிச்சே செத்தவன். அந்தச் சட்டத்த வேணும் வேணும்னு சண்ட போட்டு வாங்குனவளே அவதான். பரிபூரணம் எந்திரிச்சா. இடுப்புல பிள்ள. அவ சொன்னது இன்னைக்கும் ஊருல அப்படியே சொல்லுதாவ.

"சுண்ணாம்ப மறந்துட்டேன் அய்யா. ஜெபமும் வரமாட்டேங்கு. அவுக போனதுல இருந்து ஒரு வார்த்த வரல. என்னய நீக்கணும்னா நீக்குங்க. ஆனா நீங்க எனக்காகச் சொல்லுத ஜெபத்த நிறுத்திராதிய. அதப் பிடிச்சிக்கிட்டுதான் நான் நிக்கேன்."

அன்னப்பழம் விருட்டுன்னு எந்திரிச்சி வெளிய போயிட்டா. சரி, கோவத்துல போறான்னு எல்லாரும் நெனச்சாவ. உபதேசியாரு ஆள விட்டுப் பாத்தா, அவ பரிபூரணம் வீட்டு முத்தத்துல உக்காந்திருக்கா. கலயத்த மடியில வச்சி, மட்டையச் சுண்ணாம்புல முக்கி, "ஆண்டவரே, இதப் புளிக்க விடாதேயும்." அடுத்த கலயம். "ஆண்டவரே, இதப் புளிக்க விடாதேயும்." கண்ணுல தண்ணி வடியுது, கை நிக்கல. பெறவு ஒவ்வொருத்தியா வந்து பக்கத்துல உக்காந்தாளுவ. நீக்குத பேச்ச அதோட எல்லாரும் விட்டுட்டாவ.

அந்த மாசம் பூரா மொற வச்சி வந்தாளுவளாம். பரிபூரணம் உள்ள பிள்ளகிட்ட இருப்பா. வேல முடிஞ்சி போறவ, வெரல்ல ஒட்டுன சுண்ணாம்பால வாசல் நிலையில ஒரு கோடு இழுத்துட்டுப் போவாளாம். இன்னைக்கு நீ சொல்ல வேண்டிய ஜெபத்த நான் சொல்லிட்டேன், நீ பிள்ளையப் பாருன்னு அர்த்தம். அவ வெளிய வந்து அந்தக் கோட்டத் தொட்டுப் பாப்பாளாம். தொட்டுட்டு உள்ள போவாளாம்.

பிள்ள பொழச்சிட்டு. அந்தப் பிள்ளதான் எங்க அய்யாவப் பெத்தவளுக்குத் தாயி. சித்திர கடேசியில ஒருநா பரிபூரணம் தானே வந்து முத்தத்துல உக்காந்தாளாம். மட்டைய முக்குனாளாம். வாயத் தெறந்தாளாம். "ஆண்டவரே"ன்னு வந்துச்சாம். அதுக்கு மேல வரல. மீதிய அன்னப்பழம் சொல்லி முடிச்சாளாம்.

அன்னையில இருந்துதான் நம்ம ஊருல துக்க வீட்டு நிலையில சுண்ணாம்புக் கோடு இழுக்கது. பனையேறுத வீடோ, வாத்தியார் வீடோ, எல்லா வீட்டுக்கும் உண்டு. வெளியூர்க்காரன் செய்வினை எடுக்காவன்னு நெனப்பான். நெனச்சிட்டுப் போறான்.

மைனி, ஒங்களுக்குந்தான் சொல்லுதேன். அண்ணன அடக்கம் பண்ணி நாலு நாளாச்சி, முழங்கால் போட்டா ஒண்ணும் வரலன்னு அழுதிய. வராட்டிப் போகுது. வாசல்ல போயி நிலையப் பாருங்க. பதினெட்டுக் கோடு இருக்கு, நான் எண்ணிட்டேன். அதுல கீழ கோணலா இழுத்தது என் கோடு.