காது உடைத்த கேசட்

– கைய எடுக்கா. சூடா இருக்கு, சுட்டுரும்.

– தூசியத் தொடைக்கக்கூட விடமாட்டியா? வெஞ்சனம் நறுக்குற மேசை இது. காலையிலருந்து கடை விரிச்சு வச்சிருக்க.

– செத்த நேரம் பொறுக்கா. அழுத்தித் தொடைச்சா கீ மேல இருக்குற அரபி எழுத்து உதிர்ந்துரும். நாப்பது வருசத்துப் பொருளு.

– நாப்பது வருசமும் பரண்லதான கெடந்துச்சு? எலி புழுக்க போட்டுச்சு, பல்லி முட்ட வச்சுச்சு. அப்பல்லாம் இல்லாத அக்கறை இப்ப எங்கருந்துடா வந்துச்சு? ஜெராக்ஸ் கடைக்கு ஆதார் திருத்த ஆளே வரலையா?

– கடைய மூடிட்டுத்தான் வந்துருக்கேன்.

– ஞாயித்துக்கெழம பூசைக்கே மூடாத கடைய?

– பூசைக்கே மூடாத கடைய மூடிட்டு வந்துருக்கேன்னா பாத்துக்கயேன். உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்க்கா. மொதல்ல இது ஓடட்டும், அப்பறம் சொல்றேன்.

– கடன் கேக்க வந்தவன் மாதிரி முழிக்காத. இதெல்லாம் ஒரு கம்ப்யூட்டரா? வெறும் பலகை. டைப் இன்ஸ்டிடியூட்டுல நாங்க தட்டுன மெசினு இதவிடக் கனம்.

– அந்தப் பலகைக்குள்ளதான்க்கா எல்லாம். டிவியில மாட்டுனா படம் தெரியும். டேப் ரெக்கார்டர்ல மாட்டுனா கேசட்டுல எழுதி வச்சதப் படிக்கும். சுவிட்ச அமத்துனா அம்புட்டையும் மறந்துரும்.

– குடுத்து வச்ச மெசினு.

– நக்கல் பண்ணாதக்கா. மூணு வாரம் ராப்பகலா ஒக்காந்துருக்கேன். உள்ள நாலு கண்டென்சரு வீங்கிப் போயிருந்துச்சு, மாத்துனேன். டேப்போட பெல்ட்டு உருகிப் பசையா ஒழுகிருச்சு. டிவிய பழைய இரும்புக் கடையில எடைக்கு வாங்குனேன். கடைக்காரன் என்னய ஏற எறங்கப் பாத்தான்.

– பாக்க மாட்டானா? அம்பத்திமூணு வயசு ஆளு, தோள்ல டப்பா டிவியத் தூக்கிக்கிட்டு நாகல் நகர்ல நடந்து போனா நாயே பாக்கும். டெய்சி இருந்திருந்தா வாசப்படி ஏறவிட்டுருக்க மாட்டா.

– அவ இல்லங்குறதத்தான் நீ மாசம் ஒரு தடவ ஞாபகப்படுத்துறியே.

– நான் என்னத்த ஞாபகப்படுத்துறது? உன் பொண்டாட்டி மகளோட கோயம்புத்தூர்ல இருக்கா. ஆறு வருசமாச்சு. ஊரறிஞ்ச சங்கதி.

– இந்தா, வந்துருச்சு பாரு! நீல கலரு! ஆங்… ஆடாம நில்லு, ஆடாம நில்லு…

– மெசினையா சொல்ற, என்னயவா?

– மெசினத்தான். யக்கா, இது வந்த அன்னைக்கு நம்ம தெருவே வாசல்ல நின்னுச்சு. நிச்சயத்தன்னிக்கு மிக்கேல்ராஜ் அத்தான், 'மச்சினனுக்கு'ன்னு சொல்லி…

– என்னது?

– மிக்கேல்ராஜ் அத்தான்…

– என்னயக் கட்டாதவன் உனக்கு எந்த ஊரு அத்தான்? பங்குச்சாமி முன்னால மோதிரம் மாத்திட்டு, குவைத்துக்குப் போனவன் போனவந்தான். அப்பா சாகுற வரைக்கும் அந்தப் பேரச் சொன்னா காறித் துப்புனாரு. என் வீட்டுல அந்தப் பேரு வேண்டாம்.

– அந்தப் பேரச் சொல்லத்தான்க்கா வந்தேன்.

– அப்ப மெசினத் தூக்கிக்கிட்டு நட.

– போறேன். ஒரு கேசட்டு மட்டும் போட்டுக் காட்டிட்டுப் போறேன். பரண்ல மெசினுக்குள்ளயே சொருகியிருந்துச்சு. பாரு, என் எழுத்து. 'ஆடு ஒண்ணு, ஆடு ரெண்டு.' நான் எட்டாப்பு படிக்கையில எழுதுன கேம்.

– ஆடா?

– அய்யலூர்ச் சந்தையில ஆடு அவுத்துக்கிட்டு ஓடும். லாரி ஏறுறதுக்குள்ள பிடிச்சுக் கட்டணும். எப்பவும் ரெண்டு தடவ பதிஞ்சு வைப்பேன், ஒண்ணு கெட்டாலும் இன்னொண்ணு இருக்கும்னு. ரெண்டும் சேத்து மூணு நிமிசம் கீச்சுக் கீச்சுன்னு ஓடும்… இந்தா, பேரு வந்துருச்சு! நாப்பது வருசம் கழிச்சுப் படிக்குதுக்கா! பாரு, பாரு, ஆடு ஓடுது!

– எங்கடா ஆடு? அங்கிட்டும் இங்கிட்டும் நாலு புள்ளி ஓடுது.

– ஆடுன்னு நெனச்சுக்கணும்.

– நம்ம வீட்டுல எல்லாமே அப்படித்தான், நெனச்சுக்கணும். சரி, பாத்தாச்சு. அமத்து.

– இனிமேத்தான்க்கா இருக்கு. இப்ப மெசினுக்குப் போற ஒயர உருவிட்டேன். டேப்பு தானா பாடும். கேமு ரெண்டு பதிவும் ஓடி முடிஞ்சு போச்சு, மிச்ச நாடாவுல என்ன இருக்குன்னு கேளு.

– என்னடா இருக்கும்? இரைச்சல்தான்.

– பேசாமக் கேளு.

– …டிசம்பர் வரைக்கும் பாப்பேன். உங்கிட்டருந்து ஒண்ணும் வரலைன்னா புரிஞ்சுக்கிறேன், ராணி. தம்பிக்கு மெசினு பிடிச்சிருக்கான்னு கேட்டேன்னு சொல்லு. அங்க மழ பெஞ்சுச்சா? இங்க மண்ணாக் கொட்டுது. உடம்பப் பாத்துக்க. வச்சிர்றேன்.

– நிப்பாட்டு.

– அக்கா…

– நிப்பாட்டுன்னேன்ல!

– நிப்பாட்டிட்டேன். ஒக்காருக்கா. தண்ணி தரவா?

– தண்ணியும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். அந்தாளு மாசாமாசம் கேசட்டுல பேசி அனுப்புனான். ஞாயித்துக்கெழம பூச முடிஞ்சு அப்பா ஊரக் கூட்டி வச்சுப் போடுவாரு. பக்கத்து வீட்டு சிவனம்மா பாயி விரிச்சே ஒக்காந்துரும். எனக்கு அனுப்புன பேச்ச ஊரே கேட்டுச்சு. அடுப்பங்கரையில நின்ன எனக்குத்தான் அடுப்பு ஊதுன சத்தத்துல ஒண்ணும் கேக்கல. அதுல ஒண்ணா இருக்கும். விடு.

– அதுல ஒண்ணு இல்லக்கா. இது கடேசிக் கேசட்டு. ஊருக்கு அனுப்புனது இல்ல, உனக்குன்னு தனியா அனுப்புனது. சாணார்பட்டி இஞ்ஞாசி குவைத்துலருந்து லீவுல வந்தாருல்ல, அவரு பள்ளிக்கூட வாசல்ல வச்சு எங்கையில குடுத்தாரு. 'அக்கா கையில மட்டும் குடு, உங்கப்பா வாத்தியாருக்குத் தெரிய வேண்டாம்'னாரு. நான் பைக்குள்ள போட்டேன். மறந்துட்டேன். அப்பறம் கேம பதியக் கேசட்டு இல்ல… கையில இது கெடச்சுச்சு… எந்தக் கேசட்டுன்னுகூடப் பாக்கல. பதிஞ்சு முடிச்சு ரெண்டு நாளு கழிச்சுத்தான் ஒரைச்சுச்சு.

– ம்.

– பதில் வரும்னு அந்த மனுசன் டிசம்பர் வரைக்கும் காத்திருந்திருக்காரு. வரல. நீ வேண்டாம்னுட்டன்னு நெனச்சு ஒதுங்கிட்டாரு. இங்க நம்ம, ஏமாத்திட்டான்னு மண்ண வாரித் தூத்துனோம். எல்லாத்துக்கும் காரணம் நாலு புள்ளி ஆடு. உன் வாழ்க்கைய அழிச்சது நான்தான்க்கா.

– முடிஞ்சுச்சா?

– என்னக்கா இது? அடி. செருப்பால அடி. முடிஞ்சுச்சாங்குற?

– நடந்தது நடந்து போச்சு அப்பு. பதிமூணு வயசுப் பயலுக்கு என்ன தெரியும்? நான் ஒண்ணும் மனசுல வச்சுக்கல. போ, மூஞ்சியக் கழுவு. ரசம் வைக்கிறேன், சாப்டுட்டுப் போ.

– இம்புட்டு லேசா?

– பின்ன? ஒப்பாரி வைக்கணுமா?

– நான் வச்சேன்க்கா. நாப்பது வருசமா உள்ளுக்குள்ள வச்சேன். சிங்கப்பூர்ல வேல கெடச்சுச்சு, பாஸ்போர்ட்டு கையில இருந்துச்சு, போகல. ஏன் போகல? நான் கெடுத்து வச்ச பொம்பளைய ஒத்தையா விட்டுட்டு எப்படிப் போறது? ஷைனி படிப்புக்குக் கோயம்புத்தூர் போவோம்னு டெய்சி அஞ்சு வருசம் கெஞ்சுனா. போகல. அவ பெட்டியக் கட்டிக்கிட்டுப் போயிட்டா. இப்ப ஷைனி, 'வந்து எங்களோட இருங்கப்பா'ங்குறா. இதச் சொல்லாம என்னால போக முடியல.

– ஓ. போறதுக்குத்தான் இம்புட்டு ஜோடனையா?

– உன் மன்னிப்பு இருந்தாப் போறேன். இல்லைன்னா இங்கயே கெடக்குறேன்.

– மன்னிச்சாச்சுன்னேன்ல. இத்தோட விட்டுரு.

– விட முடியாதுக்கா. இன்னொருத்தருட்டயும் கேக்கணும். நாளைக்கு வேடசந்தூர் போறேன்.

– அங்க என்ன?

– அவரு அங்கதான் இருக்காரு. குவைத்த விட்டு வந்து ஏழெட்டு வருசமாச்சாம். சம்சாரம் தவறிருச்சு. விசாரிச்சுட்டேன். இந்தக் கேசட்டக் கொண்டு போயி கையில குடுத்து, கால்ல விழப்போறேன்.

– கிறுக்குப் பயலே, வேண்டாம்.

– ஏன்?

– வயசான காலத்துல அந்தாள எதுக்குக் கெளறிக்கிட்டு? ரத்தக்கொதிப்பு, கித்தக்கொதிப்பு இருக்கும்.

– பாவம் இல்லையாக்கா? ஊரு முழுக்க ஏமாத்துக்காரன்னு பேரு. அவரு அம்மா சாவுக்கு நம்ம தெருவுல ஒருத்தன் போகல. அவரு மேல தப்பே இல்லன்னு அவருக்காவது தெரிய வேண்டாமா?

– வேண்டாம்னா வேண்டாம். என் மேல சத்தியம், போகாத.

– போவேன். சத்தியத்துக்கெல்லாம் கட்டுப்பட்டது போதும்.

– கிளெமென்ட்டு!

– இந்தா, இதப் பாருக்கா. யாரும் அழிச்சிரக் கூடாதுன்னு அந்த மனுசன் கேசட்டோட காத உடைச்சுத்தான் அனுப்பியிருக்காரு. முதுகுல இந்த எடத்துல இருந்த சின்னத் தகடு. இத உடைச்சு விட்டா ரெக்கார்டு பொத்தானே உள்ள போகாது. அந்த ஓட்டையில நான் பேப்பரத் திணிச்சு அடைச்சு, அதுக்கு மேல பதிஞ்சிருக்கேன். எம்புட்டுப் பெரிய பாவி நான்!

– நீ அடைச்சது உனக்கு ஞாபகம் இருக்கா?

– இல்ல. ஆனா வேற யாரு அடைப்பா?

– பிரிச்சுப் பாரு.

– என்னத்த?

– அந்தப் பேப்பர. ஊக்கு இந்தா. உருவு… என்ன கலரு?

– ஊதா. கையில ஒட்டுது. கார்பன் தாளு.

– எட்டாப்பு படிக்கிற பயலுக்கு ஏதுடா கார்பன் தாளு?

– மில்லு ஆபீசுல… நீதான டைப் அடிச்ச…

– நாலு நாளு அது உன் பைக்குள்ள கெடந்துச்சு. புஸ்தகத்துக்கு அட்ட போடலாம்னு பையக் கவுத்தேன், விழுந்துச்சு. மறுநா மில்லு பஸ்ஸ விட்டுட்டு, தலவலின்னு சொல்லிட்டு ஒத்தையில ஒக்காந்து கேட்டேன். ரெண்டு தடவ.

– கேட்டியா?

– நீ அழிச்ச மூணு நிமிசமும் எனக்கு மனப்பாடம். சொல்லவா? 'ராணி, உன் கடுதாசி கெடச்சது. என்னயப் பிடிக்கலைன்னு நேராச் சொன்னதுல எனக்குக் கோவம் இல்ல. நிச்சயத்த நீ முறிச்சா உங்கப்பா உன்ன வீட்டுல வைக்க மாட்டாருன்னு எழுதியிருந்த. அதனால நானே முறிச்சுக்கிறேன். இங்க ஒருத்தியக் கட்டிக்கிட்டேன்னு ஊருக்குள்ள பேச்சு வரும், வரட்டும். பழி என் மேல இருக்கட்டும். மனசு மாறுச்சுன்னா மட்டும் எழுது.' அதுக்கப்பறந்தான் நீ கேட்டது. டிசம்பர் வரைக்கும் பாப்பேன்னு.

– நீ… நீயா அவருக்கு எழுதுன?

– நாந்தான். எனக்கு அந்தாளப் பிடிக்கல. கெட்டவன் இல்ல. பிடிக்கல, அம்புட்டுத்தான். அதச் சொல்ல இந்த வீட்டுல எனக்கு வாயி இல்ல.

– அப்ப கேசட்டு…

– எரிச்சா நாத்தம் வரும். குப்பையில போட்டா அப்பா கண்ணுல படும். நீ புதுக் கேசட்டு வேணும்னு ரெண்டு நாளா அழுதுக்கிட்டு இருந்த. ஓட்டைய அடைச்சு உன் மெசினு மேல வச்சேன். பையில போட்டது மெசினு மேல எப்படி வந்துச்சுன்னு ஒரு நாளாவது யோசிச்சியாடா?

– நான் நாப்பது வருசம்… அக்கா, நான் என்ன செஞ்சேன்னே உனக்குத் தெரியாதுன்னு நெனச்சேன்.

– தெரியும்.

– நான் எதுக்காக இங்கயே கெடந்தேன்னும் தெரியுமா? டெய்சி பெட்டியோட நின்ன அன்னைக்கு, 'அக்கா வாழ்க்கைய நான் கெடுத்துட்டேன், அவள விட்டுட்டு வர முடியாது'ன்னு அவகிட்ட அழுதேனே. உள் ரூம்புல நீ இருந்த. அது உன் காதுல விழுந்துச்சா?

– விழுந்துச்சு.

– அப்பவாவது வெளிய வந்து ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேக்கா! ஒரே ஒரு வார்த்த!

– சொல்லியிருந்தா அன்னைக்கே நீயும் ஒரு பெட்டியக் கட்டியிருப்பியேடா.