பெயர் மாற்றாத கார்

"மச்சானோட கண்ணு போனதுக்கு நான்தாங்க காரணம்."

தலவாக்கலை பஸ்ஸில் முன் சீட்டுக்காரர் இப்படிச் சொன்னதும், நான் காதிலிருந்த பாட்டை நிறுத்தினேன்.

பக்கத்திலிருந்தவர், "முட்டின காரத்தான் அவருக்கு எப்பவோ வித்துட்டீங்களே?" என்றார்.

"வித்தேன். அவரு பதிவுல என் பேர மாத்தாமலே ஓட்டினாரு. ஏர்பேக்ல பழுது, சும்மாவே மாத்தித் தாறோம்னு கம்பெனிக் கடுதாசி எனக்குத்தான் வந்திச்சு."

"சொல்லலையா?"

"அப்ப பேச்சுவார்த்தையே இல்லங்க. அவரு மக கல்யாணத்துக்கு எங்களக் கூப்பிடலன்னு எனக்குக் கோவம். கடுதாசிய டிவிக்குப் பின்னால சொருகிட்டேன். போன வாரம் வளைவுல லேசாத்தான் முட்டியிருக்கு. ஏர்பேக் வெடிச்சு, இரும்புத் துண்டு கண்ணுல ஏறிடுச்சு."

"கடுதாசி விஷயம் அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது. நேத்து ஆஸ்பத்திரியில என் கையப் புடிச்சிக்கிட்டு, 'நல்லவேள மச்சான், கார் ஒங்ககிட்ட இருக்கயில இப்படி ஆகல'ன்னாரு."