“மேலே வருது” என்றேன்

தெர்மாகோலை வெட்டும்போது பறக்கிற வெள்ளைத் துகள் லேசில் வீட்டைவிட்டுப் போகாது. கூட்டிப் பெருக்கினால் துடைப்பத்திலேயே ஒட்டிக்கொண்டு திரும்பி வரும். ஆனாலும் நான் ஒருநாள்கூட முகம் சுளித்ததில்லை, தம்பி. அவர் கைக்குப் பயிற்சி கொடுக்க வருகிற நீங்களே பார்த்திருக்கிறீர்கள்.

பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்து கிடந்தவருக்கு, “பிடிச்ச வேலை ஏதாவது கொடுங்க அக்கா” என்று சொன்னதும் நீங்கள்தான். ரிமோட்டில் பறக்கிற குட்டி விமானம் செய்வதுதான் அவருக்குப் பிடித்த வேலை. இறக்கைக்கு அவர் கோடு போட்டார், நான் வெட்டினேன். மூக்கில் மோட்டார், வயிற்றில் பேட்டரி. பேட்டரியை முன்னும் பின்னும் நகர்த்தி, இறக்கைக்கு அடியில் விரல் நுனிகளைக் கொடுத்துத் தூக்கிச் சமநிலை பார்த்தார். வலது விரல் நடுங்கவில்லை. நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன்.

உங்களுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. அவர் விழுந்தது இந்த வீட்டில் இல்லை. என்னோடு வாழ முடியாது என்று சொல்லி, வேறு தெருவில் அறை எடுத்துப் போய்விட்டிருந்தார். மனைவி என்பதால் ஆஸ்பத்திரியிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். சக்கர நாற்காலியில் அவரை வாசற்படி தாண்டித் தள்ளி வந்தபோது அழுதேன். துக்கம் தாளாமல் அழுகிறேன் என்று நினைத்தார்கள்.

மைதானத்துக்குக் கிளம்பிய காலையில் சட்டைப் பொத்தானை அவரே போட்டுக்கொண்டார்.

“இது பறந்துட்டா நான் தனியா சமாளிச்சுக்குவேன். நீயும் எத்தனை நாள்தான் என்னைச் சுமப்பே?” என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார்.

“முதல்ல பறக்கட்டும்,” என்றேன்.

ரிமோட்டில் ஒரு சின்ன சுவிட்ச் உண்டு. அதை மாற்றினால் வால் தகடு தலைகீழாக வேலை செய்யும். மேலே இழுத்தால் விமானம் கீழே போகும். எனக்கு அதைக் காட்டித்தந்ததே அவர்தான். கைத்தடியை ஊன்றி அவர் காரிலிருந்து இறங்கி வருவதற்குள் மாற்றிவிட்டேன்.

அவர் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தார். நான் விமானத்தை மார்போடு பிடித்துக்கொண்டு, அவருக்கு முதுகைக் காட்டி முன்னால் நின்றேன்.

“மேலே இழுக்கிறேன். தகடு மேலே வருதா?”

தகடு என் கண்ணெதிரே கீழே இறங்கியது.

“மேலே வருது.”

“நல்லா பாத்துச் சொல்லு.”

“வருதுங்க.”

வீசினேன். கொஞ்சம் தாழ்ந்தது. அவர் மேலே இழுத்திருப்பார். விமானம் மூக்குக் குத்தித் தரையில் விழுந்து சுக்கலானது.

அவர் ரிமோட்டைப் பார்க்கவில்லை. தன் கட்டைவிரலையே பார்த்தார். “மேலேதான் இழுத்தேன்னு நினைச்சேன். கை என் பேச்சைக் கேக்கலை,” என்றார். முதுகைத் தடவிக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்ததும் சுவிட்சைப் பழையபடி மாற்றிவைத்தேன்.

அதன்பிறகு அவர் அந்தக் கையை மூடிக்கொண்டார். நீங்கள் எவ்வளவு கெஞ்சியும் திறக்கவில்லை. விரல்கள் மறுபடி இறுகிவிட்டன. நான் ஊட்டிவிடுகிறேன், வாயைத் துடைத்துவிடுகிறேன். அந்தக் கையைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. மேலே ஒரு துண்டைப் போட்டு மூடிவிட்டுத்தான் பக்கத்தில் உட்காருகிறேன்.

“நான்தான் எங்கியோ தப்பு பண்ணிட்டேன் போல அக்கா,” என்று நேற்று சொன்னீர்கள். மனசு கேட்கவில்லை. உங்கள் மேல் தப்பில்லை, தம்பி. அவர் கை மேலும் தப்பில்லை. செய்தது நான்தான்.

அவரிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். உடைந்துபோய்விடுவார். பாவம், என்னை விட்டால் அவருக்கு வேறு யார் இருக்கிறார்கள்?