அத்தைக்குத் தூக்கம் வரவில்லை

— தண்ணி அந்தப் பக்கம் இருக்குதுங்க அத்தை, புடிச்சிட்டு வரட்டுங்களா?

— வேணாம் மாப்ள, ஒக்காருங்க. எழுந்து போனா எடம் போயிரும். இத்தினி பேரும் மனசு டாக்டரப் பாக்க வந்தவங்களா?

— ஆமாங்க. வாசல்லயே மனநலப் பிரிவுன்னுதான போட்டிருக்குது.

— அட சாமி! தருமபுரி ஜில்லாவுல எனக்கு மட்டுந்தான் இந்தக் கோளாறுன்னு நெனச்சன்.

— அவங்களும் அப்படித்தாங்க நெனச்சிருப்பாங்க.

— டாக்டருகிட்ட என்னான்னு சொல்றது? நான் வாயத் தொறந்தா தக்காளி வெலையில ஆரம்பிச்சி எங்கயாச்சும் போயிருவன். நீங்களே எடுத்துச் சொல்லிடுங்க மாப்ள.

— தூக்கம் வரலன்னு காலையில சொன்னீங்கல்ல, அதையே சொல்லுங்க.

— அது மட்டும் போதுமா?

— விடியறதுக்கு முன்னாலயே முழிப்பு வந்துருதுங்களா?

— வருது.

— முழிச்சதும் நெஞ்சு மேல எதையோ தூக்கி வச்ச மாதிரி இருக்குதுங்களா? எழுந்து பல்லு வெளக்கறதே ஒரு காட்டக் கொத்தற வேல மாதிரி?

— ம்.

— சோறு வாயில வச்சா மண்ணு மாதிரி. புள்ள வந்து மடியில ஒக்காந்தாலும் உள்ள ஒண்ணும் அசையாது. ஆசயா இருக்கற மாதிரி காட்டிக்கணும். காட்டிக் காட்டியே சலிச்சிப் போவும். மோட்டார் ஓடற சத்தம் கேக்குது, தண்ணி ஏறல. கரண்டு வருது, காயில் நல்லா இருக்குது, கழட்டிப் பாத்தாலும் கோளாறு எங்கன்னு தெரியல...

— மாப்ள.

— சொல்லுங்க.

— எம் மடியில எந்தப் புள்ள வந்து ஒக்காருது? மோட்டார் கட்டற கட எனக்கு எங்க இருக்குது?

— ஒரு பேச்சுக்குச் சொன்னங்க அத்தை.

— எப்பலருந்து இப்படி இருக்குது உங்களுக்கு?

— ஒண்ணுமில்லீங்க.

— எம் பொண்ணக் கட்டுன நாள்லருந்து இதத்தான் கேக்கறன். காச்சலு வந்தாலும் ஒண்ணுமில்லீங்க. வெரல மிசினு கடிச்சி ரத்தம் கொட்டுனாலும் ஒண்ணுமில்லீங்க. இன்னைக்கி அது வேணாம்.

— ...மழைக்கு முன்னாலருந்துங்க. எதனாலன்னு கேக்காதீங்க. எனக்கே கோவம் அதான். குடி கெடையாது. வூட்ல ஆக்சிலியாளுக்கும் எனக்கும் ஒரு சண்ட கெடையாது. ஏரியூர்ல மோட்டாருக்குக் காயில் கட்டணும்னா ஜனங்க என் கடைக்குத்தான் வர்றாங்க. அவனவன் எத்தினி கஷ்டத்துல இருக்கறான், உனக்கு என்னாடா கேடுன்னு நானே என்னத் திட்டிக்கறன்.

— யாருகிட்டயும் வாய வுட்டுச் சொல்லலயா?

— சர்ச்சு சாமியாருகிட்ட சொன்னன். செபம் பண்ணுன்னாரு, பண்ணுனன். எங்கூட்டாளி மாதுகிட்ட சொன்னன். "ஒகேனக்கல் போனா எல்லாஞ் சரியாயிரும், வாடா"ன்னான். போனோம். அவன் மீன் வறுவல் தின்னான். நான் அவன் தின்னறதப் பாத்துட்டு வந்தன்.

— அந்த மாதுகிட்டதான் ஸ்பேனரு, மீட்டரு எல்லாத்தையும் தூக்கிக் குடுத்துட்டீங்களாம்.

— ஆக்சிலியா சொன்னாளா?

— நேத்து பாப்பாவத் தூக்கிக்கிட்டு வந்து மாரண்டஹள்ளியில எறங்குனா. மொகமெல்லாம் பூரிப்பு. "அவுரு சரியாயிட்டாரும்மா, கொஞ்ச நாளாச் சிரிக்கறாரு, ஒழுவற கூரையெல்லாம் அடச்சாரு, நீ போயி நிம்மதியா இருந்துட்டு வான்னு அவரே பஸ் ஏத்தி வுட்டாரு"ன்னா. அவ சொல்லச் சொல்ல எனக்குப் பயந்தான் வந்துச்சு.

— சந்தோசப்பட வேண்டியதுதானங்க?

— எந் தம்பி சவரிய நீங்க பாத்ததில்ல. உங்க கல்யாணத்துக்கு முன்னாலயே போயிட்டான். வருசக் கணக்கா மூலையில மொடங்கிக் கெடந்தவன், ஒரு நா குளிச்சி, மொகம் வழிச்சி, வூடு வூடாப் போயிச் சிரிச்சிப் பேசிட்டு வந்தான். பொழச்சிக்கிட்டான்னு நாங்க பாயாசம் வச்சோம். அந்த வாரமே எங்கள வுட்டுட்டுப் போயிட்டான். வியாதி தீந்து சிரிக்கல மாப்ள. முடிவு பண்ணிட்டதுல சிரிச்சான். எங்களுக்கு அப்பப் புரியல. மாமியாக்காரி மருமவங்கிட்ட கேக்கற கேள்வி இல்ல. இருந்தாலும் கேக்கறன். செத்துப் போலாம்னு நெனைக்கறீங்களா?

— என்னாங்க அத்தை, பக்கத்துல இருக்கறவங்க காதுல வுழற மாதிரி...

— வுழட்டும். நீங்க என்னப் பாத்துச் சொல்லுங்க.

— ...

— மாப்ள.

— ஆமாங்க.

— ம்.

— இன்னைக்கிதாங்க. நேத்து ராத்திரி மாது திடுதிப்புன்னு வந்து படுத்துக்கிட்டான். காலையில அவன் அந்தாண்ட போனதும் கதவச் சாத்துனன். ஒடனே நீங்க தட்டறீங்க. தொறக்க வேணாம்னுதான் நின்னன். "ஒடம்பு சரியில்ல மாப்ள, ஆஸ்பத்திரிக்குக் கூட வர ஆளில்ல"ன்னு கத்துனீங்க. அதான் தொறந்தன்.

— போன் போட்டு மாதுவ அனுப்புனது நாந்தான். நான் தெருமுனைக்கு வந்தத அவன் பாத்துட்டுத்தான் போனான்.

— உங்கள டாக்டருகிட்ட காட்டிட்டு, திரும்ப பஸ் ஏத்தி வுட்டுட்டு, அப்பறம்... இவ்ளோ நேரமும் இதான் ஓடிக்கிட்டிருந்துதுங்க.

— நான் எங்கயும் போவப் போறதில்ல. இந்தாங்க, முந்தானையில தொடச்சிக்குங்க. அழுவுங்க, ஒண்ணும் வெக்கமில்ல. ஆக்சிலியாளும் பாப்பாவும் மத்தியானம் இங்கயே வந்துருவாங்க.

— அவகிட்ட சொல்லிட்டீங்களா?

— அவகிட்ட மறைக்க முடியுமா?

— என்னா சொன்னா?

— "அவரத் தனியா வுட்டுறாதம்மா, நீ மொத பஸ்ஸுக்குப் போ"ன்னா.

— அவங்கமேல எனக்கு வெறுப்பு இல்லீங்க அத்தை. நான் ஒரு பாரம், நான் இல்லாட்டி அவங்க நல்லா இருப்பாங்கன்னு மனசு சொல்லிக்கிட்டே இருக்குது.

— அது உங்க மனசு சொல்லல, வியாதி சொல்லுது. சவரிகிட்டயும் அதான் சொல்லியிருக்கும். அவன் சாப்புட்ட தட்டத்த எங்கம்மா சாவற வரைக்கும் வேற யாருக்கும் எடுத்து வைக்கல. சோத்துப் பானயத் தொறந்தா அவம் பேரச் சொல்லிட்டுத்தான் கரண்டிய எடுப்பா. நாங்க ஒருத்தரும் நல்லா இல்ல மாப்ள. டாக்டருகிட்ட பேசுவீங்களா?

— என்னா பண்ணுவாரு? பைத்தியம்னு எழுதிடுவாரா?

— எங்கூரு நர்ஸம்மா அன்பரசிய எழுப்பிக் கேட்டுட்டுத்தான் கெளம்புனன். இதுக்கு மாத்திர இருக்குதாம், ஒக்கார வச்சிப் பேசறதுக்குத் தனியா ஆளு இருக்கறாங்களாம். போட்ட ஒடனே தெரியாதாம், சில வாரம் புடிக்குமாம். அதுவரைக்கும் யாராச்சும் ஒருத்தர் கூடவே இருக்கணும்னாங்க. நாங்க இருக்கறம். மாதுவும் வர்றன்னான். ஸ்பேனரு உங்களுக்கு வேணும்ங்கற வரைக்கும் அவங்கிட்டயே இருக்கட்டும்.

— உங்க தூக்கத்துக்கு அவங்க என்னா சொன்னாங்க?

— எனக்கென்னா கேடு? தலயச் சாச்சா கொறட்டதான். நேத்து ஒரு ராத்திரிதான் கண்ண மூடல.

— அப்ப பொய் சொல்லித்தான் கூட்டியாந்தீங்களா? சீட்டுகூட உங்க பேர்லதான போட்டீங்க?

— உங்க பேர்ல போட்டா வருவீங்களா? உள்ள போனதும் டாக்டருகிட்ட ரகசியமாச் சொல்லிக்கலாம்னு இருந்தன். கோவம்னா என்னத் திட்டுங்க. வூட்டுக்குப் போயி எவ்ளோ வேணுமின்னாலும் திட்டுங்க. இப்ப மட்டும் எழுந்து போயிராதீங்க மாப்ள.

— மிக்கேலம்மாள்! மாரண்டஹள்ளி மிக்கேலம்மாள் யாரும்மா? உள்ள வாங்க.

— இதோ வர்றன் சிஸ்டரு...

— நீங்க இருங்க அத்தை. சிஸ்டர், பேர மாத்தி எழுதிக்குங்க. அமலன், ஏரியூரு. வைத்தியம் எனக்குத்தாங்க. அவங்க எனக்குத் தொணைக்கு வந்தவங்க.